சென்னையிலிருந்து கோவைக்கு வீடு மாற்றம்: பேக்கர்ஸா, நாமே லாரி பிடிப்பதா, விற்றுவிட்டுப் போவதா?

ஏப்ரல் முடிந்து மே பிறந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. சென்னையில் வாடகை வீடு, கோவைக்கு வேலை மாற்றல், ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் இருக்கிறது. ஒரு பேக்கர்ஸ் நிறுவனம் ஒரு தொகை சொல்கிறது, இன்னொன்று அதில் முக்கால்வாசிதான் சொல்கிறது, தெரிந்த லாரிக்காரர் அதையும்விடக் குறைத்துச் சொல்கிறார். மாமனாரோ, "எல்லாத்தையும் வித்துட்டு வாங்க, இங்க வந்து வாங்கிக்கலாம்" என்கிறார். இதில் எதைப் பிடிப்பது?

கேட்பவர்கள் பெரும்பாலும் நடுவில் இருக்கும் 500 கிலோமீட்டரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அந்தத் தூரம் சாமானுக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. சென்னையில் ராத்திரி கிளம்பும் வண்டி சேலம் வழியாக மறுநாள் கோவைக்கு வந்துவிடும். வழி நெடுக நல்ல நெடுஞ்சாலை. நெருக்கி அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிய பீரோ அசையக்கூட அசையாது. அடி படுவது இங்கே மாடிப்படித் திருப்பத்திலும், அங்கே வண்டியிலிருந்து இறக்கி வாசலுக்குள் நுழைக்கும்போதும்தான். சொல்லாமல் ஏறும் செலவும் அந்த இரண்டு இடத்தில்தான் ஏறுகிறது. அதனால் எந்த வழியில் போவதாக இருந்தாலும், இரண்டு வாசலிலும் சாமானில் கை வைக்கப் போவது யார், ஏதாவது ஆனால் பதில் சொல்லப் போவது யார் என்பதை முதலில் பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

கை மாறும் எண்ணிக்கை. வீட்டில் ஏற்றியது நேராகப் புது வீட்டில் இறங்கினால் இரண்டு முறைதான் கை படும். நடுவில் குடோனில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றினால் நான்கு முறை. கண்ணாடி, டிவி, மண்பாண்டம் எல்லாம் அதிகம் உடைவது இந்தக் கூடுதல் கைகளில்.

மாடி, லிஃப்ட், தெரு. மூன்றாவது மாடியில் இருக்கிறீர்களா, லிஃப்டில் பீரோ நுழையுமா, 14 அடி வண்டி வாசல் வரை வருமா? சென்னைக்குள் கனரக லாரிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் அனுமதி, லிஃப்ட் பயன்படுத்தும் நேரம், சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம். இது இரண்டு ஊர் வீட்டுக்கும் பொருந்தும். கோவை வீட்டுக்காரரிடம் இதைக் கேட்காமலே பலர் வண்டியை அனுப்பிவிடுகிறார்கள்.

பொறுப்பு எழுத்தில் இருக்கிறதா. "பாத்துக்கலாம் சார்" என்பதற்கு மதிப்பு இல்லை. சாமான் பட்டியல், அறிவித்த மதிப்பு (சாமான் இவ்வளவு பெறும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் தொகை), ரசீது ஆகிய மூன்றும் வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் நாளும் ஆளும். இரண்டு பேர் ஒரு வாரம் சாயங்காலங்களில் உட்கார்ந்து கட்ட முடியுமா? கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

மொத்தச் செலவு. முதலில் சொன்ன தொகையை விட்டுவிடுங்கள். புது வீட்டில் ஃபேன் சுற்றி, ஏசி ஓடி, கட்டில் நின்ற பிறகு கையை விட்டுப் போன தொகைதான் கணக்கு.

| | கை மாறுவது | சாமான் வந்து சேர | உங்கள் உழைப்பு | பொறுப்பு |
|---|---|---|---|---|
| பேக்கர்ஸ், தனி வண்டி | 2 முறை | பெரும்பாலும் மறுநாள் | குறைவு | எழுத்தில் வாங்கினால் உண்டு |
| பேக்கர்ஸ், பார்ட் லோடு (பலர் சாமான் ஒரே வண்டியில்) | 4 அல்லது அதற்கு மேல் | பல நாள் ஆகலாம் | குறைவு | எழுத்தில் உண்டு, நிரூபிப்பது கடினம் |
| நாமே லாரி | 2 முறை | மறுநாள் | மிக அதிகம் | பெரும்பாலும் நம்முடையது |
| ரயில் பார்சல் | பல முறை | உறுதியில்லை | நடுத்தரம் | ரயில்வே விதிப்படி |
| விற்றுவிட்டு வாங்குவது | இல்லை | கடையைப் பொறுத்தது | அலைச்சல் உண்டு | தேவையில்லை |

## பேக்கர்ஸ், தனி வண்டி

இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் பெரும்பாலும் 14 அடி வண்டி போதும். புத்தகமும் மரச்சாமானும் நிறைய என்றால் 17 அடி. ஆட்கள் காலையில் வந்து பபிள் ஷீட், அட்டை, ஸ்ட்ரெச் ஃபிலிம் எல்லாம் சுற்றிக் கட்டி, மாலையில் ஏற்றி, மறுநாள் இறக்கி, கட்டிலைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒழுங்கான நிறுவனமாக அமைந்தால் கொடுக்கும் காசுக்குத் தகுந்த நிம்மதி.

ஆனால் ஒரு மதிப்பீட்டை இன்னொன்றோடு ஒப்பிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒருவர் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் என்கிறார். இன்னொருவர் 28,000 என்கிறார். மனசு இரண்டாவதற்குத்தான் போகும். பில் வரும்போது அதில் 18 சதவீத ஜிஎஸ்டி 5,040 ரூபாய் ஏறும். பிறகு "இன்சூரன்ஸ்" என்று அறிவித்த மதிப்பில் 3 சதவீதம். சாமானை 4 லட்சம் என்று சொல்லியிருந்தால் அது 12,000. ஆக 45,040 ரூபாய். மாடி ஏற்றும் கூலி, ஏசி கழற்றி மாட்டுவது, வண்டி தள்ளி நின்றால் தூக்கி வரும் கூலி எல்லாம் இதற்கு மேல்தான். குறைத்துச் சொன்னவர்தான் அதிகம் வாங்குகிறார். ஆகவே கேட்கும் முதல் கேள்வி, "ஜிஎஸ்டி, டோல், இரண்டு பக்க மாடிக் கூலி, கழற்றி மாட்டுவது எல்லாம் சேர்த்து எவ்வளவு? அதை எழுதிக் கொடுங்கள்" என்பதாக இருக்கட்டும். போனில் மட்டும் பேசி விலை சொல்பவரை விட, வீட்டுக்கு வந்தோ வீடியோ அழைப்பிலோ ஒவ்வொரு அறையையும் பார்த்துச் சொல்பவரின் கணக்கு கடைசி வரை நிற்கும்.

அந்த "இன்சூரன்ஸ்" விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பல பில்களில் எஃப்ஓவி என்று ஒரு வரி இருக்கும். சாமானின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று நிறுவனமே வசூலிக்கும் தொகை அது. அதைக் கட்டிவிட்டால் காப்பீடு எடுத்தாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் போட்ட சான்று கையில் வந்தால்தான் அது காப்பீடு. வண்டி கிளம்பும் முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011-இல் வந்த அதன் விதிகளும் சரக்கு நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒரு எல்லை வைத்திருக்கின்றன. அதிக மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளாத வரை, வாடகையின் பத்து மடங்குதான் உச்சவரம்பு, அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. வழக்குப் போடுவதாக இருந்தால் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். செலவு குறையட்டும் என்று 4 லட்ச ரூபாய்ச் சாமானை 50,000 என்று எழுதிக் கொடுத்தால், பின்னால் கேட்கக்கூடியதும் அந்த 50,000-க்குள்தான்.

பட்டியல் எழுதும் இடத்தில் கூடவே நில்லுங்கள். மேற்பார்வையாளர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாக எழுதிப் போவார். ஃபிரிட்ஜ் – கீறல் உள்ளது. பீரோ – கீறல் உள்ளது. போன மாதம் வாங்கிய டிவி – கீறல் உள்ளது. பழக்கத்தில் கை தானாக எழுதும். கடைசிப் பக்கத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அங்கே போய் எந்தக் கீறலைக் காட்டினாலும் "அது முன்னமே இருந்தது" என்ற பதில் தயாராக இருக்கும். எதில் கீறல் இல்லையோ அதில் அந்த வார்த்தையை அடிக்கச் சொல்லுங்கள். பெரிய சாமான்களை நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். அங்கே இறக்கிய பிறகு அட்டையைப் பிரித்துப் பார்க்காமல் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தராதீர்கள். ஆட்கள் அவசரப்படுத்துவார்கள். பரவாயில்லை, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

முன்பணம் கொஞ்சமாகவே இருக்கட்டும். சாமானை ஏற்றிய பிறகு பாதி வழியில் நிறுத்தி அதிகப் பணம் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. ஜிஎஸ்டி எண்ணை அரசின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பதிவு செய்த பெயர் வந்துவிடும். இரண்டே நிமிட வேலை.

யாருக்கு ஏற்றது: வீட்டில் குழந்தையோ பெரியவர்களோ இருப்பவர்கள், விடுப்பு கிடைக்காதவர்கள், இரண்டு பக்கமும் மாடி வீடு உள்ளவர்கள். அலுவலகம் மாற்றல் செலவைத் திருப்பித் தருமானால் வேறு யோசனையே வேண்டாம். அதற்கு முறையான பில் வேண்டும், அது இங்கேதான் கிடைக்கும்.

## பேக்கர்ஸ், பார்ட் லோடு

ஒரே வண்டியில் மூன்று நான்கு குடும்பத்துச் சாமானைச் சேர்த்து அனுப்புவது. வாடகை பங்காகப் பிரிவதால் தொகை கணிசமாகக் குறையும். ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கும் தனி ஆளுக்கும் கண்ணை உறுத்தாத விலை.

இதில் மறைந்திருப்பது காலமும் கைமாற்றமும். சாமான் முதலில் நகருக்கு வெளியே இருக்கும் குடோனுக்குப் போகும். கோவைப் பக்கம் போகும் மற்றவர்களின் சாமான் சேரும் வரை அங்கேயே கிடக்கும். "மூணு நாள்ல வந்துடும்" என்பது வாய்வார்த்தை, வாரமும் ஆகலாம். அத்தனை நாள் பாயும் இரண்டு பாத்திரமுமாக இருக்க முடியுமா, அல்லது உறவினர் வீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் வெளியில் சாப்பிட்டு லாட்ஜில் தங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். பெட்டி காணாமல் போவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று பக்கம் பெயர், எண், "மொத்தம் 32-இல் 7" என்று மார்க்கரில் எழுதுவது இங்கே கட்டாயம்.

டிவி, ஃபிரிட்ஜ், கண்ணாடி பதித்த அலமாரி ஆகியவை சாமானில் பாதிக்கு மேல் இருந்தால் இந்த வழி வேண்டாம் என்பேன். துணி, புத்தகம், பாத்திரம்தான் பெரும்பகுதி என்றால் தாராளமாகப் போகலாம்.

## நாமே லாரி பிடிப்பது

நம்மில் பலருடைய அப்பா அம்மா காலத்தில் இது ஒன்றுதான் வழி. இன்றைக்கும் கணக்குத் தெரிந்து செய்தால் பணம் மிச்சமாகும்.

அந்தக் கணக்கு ரிட்டர்ன் வண்டியில் இருக்கிறது. கோவை, திருப்பூர் பக்கமிருந்து சென்னைக்குச் சரக்கு ஏற்றி வந்த வண்டிகள் திரும்பிப் போக லோடு தேடும். வெறும் வண்டியாகப் போவதை விடக் குறைந்த வாடகைக்கு உங்கள் சாமானை ஏற்றிக்கொள்வார்கள். லாரி புக்கிங் அலுவலகங்களில் கேட்டால் சொல்வார்கள். குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் ஏரியா விட்டு ஏரியா மாற அருமையான வண்டி. ஆனால் இது ஏறக்குறைய முக்கால் டன் தாங்கும் வண்டி, இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் முழுவதையும் அதில் ஏற்றி 500 கிலோமீட்டர் அனுப்ப நினைக்காதீர்கள்.

லாரிக்காரர் சொல்வது வண்டிக்கு மட்டும்தான். லோடுமேன்கள் இங்கே தனி, அங்கே தனி. சென்னையில் பேசிக் கூட்டி வந்த ஆள் கோவைக்கு வர மாட்டார். காலை ஆறு மணிக்கு வண்டி புது வீட்டு வாசலில் நிற்கும்போது இறக்க ஆள் இல்லை என்றால், அந்த நேரத்தில் கிடைப்பவர் கேட்பதுதான் கூலி. அங்கிருக்கும் வீட்டுக்காரர் மூலமோ தெரிந்தவர் மூலமோ முன்தினமே பேசி வைத்துவிடுங்கள். அட்டைப்பெட்டி, டேப், சாக்கு, கயிறு, பழைய போர்வை எல்லாம் உங்கள் செலவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். திறந்த லாரி என்றால் தார்ப்பாய் ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்று விரித்துப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

சாமான் தூக்கும் விதம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஸ்டீல் பீரோவைப் பற்றி. லாக்கரில் நகைப்பெட்டி முதல் பழைய பத்திரம் வரை அப்படியே விட்டுவிட்டு, "சாவி போட்டாச்சு, தூக்குங்க" என்போம். நான்கு பேர் தூக்குவார்கள். படித் திருப்பத்தில் கனம் தாங்காமல் ஒரு பக்கத்தைத் தரையில் ஊன்றித் திருப்புவார்கள். அந்த ஒரு திருப்பத்தில் கால் வளையும், பீரோ லேசாகக் கோணும், அங்கே போனதும் கதவு மூடாது. பீரோவை முழுக்கக் காலி செய்துவிட்டுக் கொடுங்கள். உள்ளே இருக்கும் பொருள் தனிப் பெட்டியில் போகட்டும். நகையும் பத்திரமும் லாரியில் ஏறவே கூடாது, உங்களோடு பையில் வர வேண்டும்.

கிரைண்டரில் கல்லைத் தனியே எடுத்துவிடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால், வாங்கும்போது பின்பக்கம் இருந்து கழற்றிக் கொடுத்த நீளமான போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள். டிரம் ஆடாமல் பிடிப்பது அவைதான். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் உருகித் தண்ணீர் வடிந்த பிறகு, நிற்க வைத்தபடியே ஏற்றச் சொல்லுங்கள். ஏசியை மெக்கானிக்கே கழற்றட்டும். கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுக் கழற்றத் தெரியாதவர் கை வைத்தால், கோவையில் புதிதாகக் கேஸ் நிரப்பும் செலவு வந்து சேரும்.

வழியில் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி விதிப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டு) கேட்பார்களோ என்று சிலர் பயப்படுகிறார்கள். பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமானுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. சாமான் பட்டியல், "என் சொந்த உபயோகப் பொருட்கள், விற்பனைக்கு அல்ல" என்று கையெழுத்திட்ட கடிதம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புங்கள்.

யாருக்கு ஏற்றது: கட்டத் தெரிந்த இரண்டு பேர் வீட்டில் இருக்க வேண்டும், அங்கே நம்பகமான ஆள் ஒருவர் வேண்டும், இரண்டும் தரைத்தளமோ முதல் மாடியோ ஆக இருந்தால் இன்னும் நல்லது. இவற்றில் இரண்டு இல்லை என்றால் மிச்சமாகும் பணம் அலைச்சலுக்கு ஈடாகாது.

## ரயில் பார்சல்

முழு வீட்டுக்கு இது சரிப்படாது. பைக்குக்கும் பத்து பெட்டிகளுக்கும் நல்ல வழி. பைக் என்றால் ஆர்சி நகலும் அடையாள அட்டையும் கொண்டுபோய், பெட்ரோல் டேங்கைச் சுத்தமாகக் காலி செய்து, சாக்கு சுற்றிக் கட்டிக் கொடுக்க வேண்டும். கட்டிக் கொடுக்கும் ஆட்கள் பார்சல் அலுவலகத்துப் பக்கத்திலேயே இருப்பார்கள். நீங்கள் போகும் ரயிலிலேயே போகும் என்ற உத்தரவாதம் கிடையாது, இடம் இருந்தால்தான் ஏறும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் மணிக்கணக்கில் தனிக் கட்டணம் ஓடும்.

## விற்றுவிட்டு அங்கே வாங்குவது

மாமனார் சொன்னது முழுவதும் தப்பில்லை, முழுவதும் சரியுமில்லை. சாமானைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிளைவுட், தேக்கு, ஸ்டீல் சாமான்கள் பயணத்தைத் தாங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு கட்டிலும் அலமாரியும் அப்படியில்லை. ஒருமுறை திருகைக் கழற்றிவிட்டால் அதே ஓட்டையில் மறுபடி இறுக்கமாகப் பிடிக்காது. அவற்றுக்கு லாரியில் இடம் வாங்குவது வீண். ஸ்பிரிங் போன சோபா, பழைய மெத்தை, பத்து வருஷ ஃபிரிட்ஜ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். கல் கிரைண்டரும் பழசாகிவிட்டதா? நீங்கள் போவதே அதற்குப் பேர்போன ஊருக்கு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பழையதை இங்கே கொடுத்துவிட்டு அங்கே வாங்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது விற்கும் நேரம். வீட்டைக் காலி செய்ய நான்கு நாள் இருக்கும்போது விலை பேசினால், வாங்க வருபவருக்கு உங்கள் அவசரம் தெரிந்துவிடும், எடைக்குப் போடும் விலைதான் கிடைக்கும். ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். அப்புறம், புதிதாக வாங்குவது ஒரே மாதத்தில் கையில் இருக்கும் பணத்தை வாங்கிவிடும். புது வீட்டு அட்வான்ஸ் கொடுத்த கையோடு பழைய வீட்டு அட்வான்ஸ் திரும்பி வராத நாட்கள் அவை.

இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி மாற்றல் வரக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்கும், புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்களுக்கும் இது நல்ல வழி. மற்றவர்களுக்கு நான் சொல்வது கலப்பு: தாங்காததை விற்றுவிடுங்கள், மிச்சத்துக்கு வண்டி பேசுங்கள். 17 அடி வண்டிக்குப் பேசியது 14 அடியில் அடங்கிவிட்டால் அந்த வித்தியாசமே ஒரு லாபம். விற்பதை முடித்த பிறகுதான் பேக்கர்ஸை வீட்டுக்கு வரச் சொல்லி மதிப்பீடு கேட்க வேண்டும்.

## எந்த நாள்

எந்த வழியானாலும் நாள் விலையை மாற்றும். மே கடைசி வாரம், மாதக் கடைசி, சனி ஞாயிறு, முகூர்த்த நாள் எல்லாம் சேர்ந்துகொண்டால் நல்ல ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாறுவதில்லை, அப்போது பேரம் பேச இடம் இருக்கும். அந்த மாதங்கள் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் செய்யும் ஒரு ஏற்பாடு: சாவி கைக்கு வந்ததும் முன்கூட்டியே நல்ல நாளில் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு சாமானை வார நடுவில், ஆள் சுலபமாகக் கிடைக்கும் ஒரு செவ்வாயிலோ புதனிலோ கொண்டுபோவார்கள்.

கேஸ் சிலிண்டர் எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. வேறு ஊருக்குப் போவதால், சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டு டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, அதற்கான வவுச்சரை வாங்கிக்கொள்ளுங்கள். கோவை ஏஜென்சியில் அதைக் காட்டி இணைப்பு எடுக்கலாம், டெபாசிட் அன்றைய விகிதத்தில் இருக்கும். இணைப்பு வர ஓரிரு நாள் ஆகலாம் என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், காபித்தூள், குழந்தையின் மருந்து எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு, வண்டியில் அதைக் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள். கதவைத் திறந்ததும் முதலில் இறங்குவது அதுவாகத்தான் இருக்கும்.